போரின் நடுவே பாட்டு: உண்மையிலேயே ஆளைத் தாங்குமா, பின்னால் சொல்லிக்கொள்ளும் கதையா?

மெட்டுக்காரி (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளியில் பாட்டு டீச்சர். போன வாரம் கணக்கு ஆசிரியர் விடுப்பு, பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கீர்த்தனை ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் ஒரு கதை சொன்னேன்.

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரத்துக் கதைதான். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் ஜெர்மன் படை அந்த ஊரைச் சுற்றி வளைத்து வைத்திருந்தது. முதல் குளிர்காலத்தில், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 25 வரை, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நாளுக்கு 125 கிராம் ரொட்டி. மூன்று இட்லி எடை இருக்கும், அவ்வளவுதான். அதிலும் மாவு பாதி, கலப்படம் பாதி. அந்த ஊரில் 1942 ஆகஸ்ட் 9 அன்று ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. எதிரி நின்ற பக்கமும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், பசியில சாகிறவனுக்கு சிம்பொனி எதுக்கு? வாசிச்சவங்களுக்குக் குடுத்த சோத்த ஏதாவது குழந்தைக்குக் குடுத்திருக்கலாம்ல?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்துக் காப்பாற்றிவிட்டது. ஆனால் கேள்வி விடவில்லை. அவனுக்கு என்ன சொல்வது? "இசை நம்பிக்கை தரும்" மாதிரி காலண்டர் வாசகம் வேண்டாம். அதை நானே சொல்லியிருப்பேன்.

சந்தேகக் கேஸ் (சென்னை)

பையன் பெயரைச் சொல்லுங்கள், மாலை போடுகிறேன்.

அந்தக் கச்சேரி அரசாங்கம் ஏற்பாடு செய்த பிரச்சாரம். இசைக்கலைஞர்களுக்குக் கூடுதல் ரேஷன் கொடுத்தது உண்மை. போர் முடிந்தபின் உயிரோடு இருப்பவர்கள்தான் கதை சொல்கிறார்கள். பாட்டுக் கேட்டும் செத்தவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள். இதைக் கழித்துவிட்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

வயலின் பக்கத்து சீட் (பெங்களூரு)

இந்த முற்றுகை பற்றிக் கிறுக்குப் பிடித்த மாதிரி படித்தவன் நான். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ஊரின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவான பில்ஹார்மோனிக்கை முன்பே நோவோசிபிர்ஸ்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது வானொலி நிலைய ஆர்க்கெஸ்ட்ரா, நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். அந்தக் குளிர்காலத்தில் அதிலும் பலர் செத்துப்போனார்கள். 1942 மார்ச் கடைசியில் மிஞ்சியவர்களைக் கூட்டி ஒத்திகை வைத்தார். மூன்று மணி நேரம் என்று போட்டது கால் மணி நேரத்தில் முடிந்தது. ஊதுகிறவர்களுக்கு ஊத மூச்சில்லை. ஏழாவது சிம்பொனிக்கோ நூறு பேர் வேண்டும், பித்தளைக் குழல்களே ஒரு படை. இராணுவ பாண்டுகளிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். இசைப்பிரதி முற்றுகையைத் தாண்டி விமானத்தில் வந்தது. ஒத்திகை நடந்த மாதங்களில் மூன்று பேர் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஓபோ என்ற ஊதுகுழல் வாசித்த க்சேனியா மட்டூஸ் என்ற பெண் சொன்ன கதை. வாத்தியத்தின் சாவிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அந்த ஆள், "பணம் வேண்டாம், ஒரு பூனை கொண்டு வா" என்றாராம். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சமயத்தில் ஊரில் பூனை கிடைப்பதே அபூர்வம்.

சந்தேகக் கேஸ் சொன்ன பிரச்சார விஷயம் சரிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. கச்சேரி நேரத்தில் ஜெர்மன் பீரங்கிகள் வாய் திறக்கக் கூடாது என்று தளபதி கோவரோவ் முன்கூட்டியே அவற்றின் மேல் குண்டு பொழிய வைத்தார். அதற்கு 'புயல்காற்று' என்கிற மாதிரி ஒரு பெயர்கூட வைத்தார்கள். ஒன்றேகால் மணி நேர சிம்பொனிக்காகப் பீரங்கிப் படை வேலை செய்திருக்கிறது. இது ஒரு சபா செயலாளர் செய்கிற காரியம் இல்லை, இராணுவம் செய்தது.

எலியாஸ்பெர்கும் கருணைக்கடல் இல்லை. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தால் ரொட்டியை வெட்டுவாராம். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவருக்கும் அதே கதிதான் என்று ஒரு பேச்சு உண்டு.

மெட்டுக்காரி மேடம், உங்கள் வகுப்புக்கு இன்னொன்று சொல்கிறேன், இதுதான் அவர்களுக்குப் பிடிக்கும். போர் தொடங்கியதும் அந்த ஊரில் வீட்டு ரேடியோப் பெட்டிகளை அரசாங்கம் வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டில் இருந்தது கம்பி வழியாக நிலையத்தோடு இணைத்த, தட்டு மாதிரி ஒரு கறுப்பு ஒலிபெருக்கி மட்டும். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அதில் மெட்ரோனோம், அதாவது தாளம் தட்டுகிற கருவி, ஓடும். டக்... டக்... என்று மெதுவாக அடித்தால் ஆபத்து இல்லை. வேகமாக அடித்தால் விமானம் வருகிறது, ஓடு. விளம்ப காலம் வந்தால் படுத்துத் தூங்கலாம், துரித காலம் வந்தால் பதுங்குகுழி. ஊரே தாளம் கேட்டு உயிர் வாழ்ந்திருக்கிறது. பேசவும் பாடவும் தெம்பில்லாத நாட்களில் அந்த டக் டக்தான் வானொலி.

வடலி (டொரண்டோ)

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். லெனின்கிராட் வரைக்கும் போக வேண்டாம், எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

1990 ஆனியில், ஜூன் மாதம், சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போனது. வரும் வரும் என்று பார்த்து வருசங்கள் போய்விட்டன. பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. படிக்கிறதுக்கு ஜாம் போத்தல் விளக்கு: போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் ஏ எல் பரீட்சை பாஸ் பண்ணினவர்கள் இன்றைக்கு டாக்குத்தராக இருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு சின்னக் கசெட் றேடியோ இருந்தது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துப் பார்த்தோம், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டுப் பார்த்தோம். இரண்டு பாட்டோடு அதுவும் படுத்துவிடும். அப்புறம் சித்தப்பா சைக்கிளைக் கவிழ்த்து முற்றத்தில் நிறுத்தினார். டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, வயரை றேடியோவுக்குக் கொடுத்தார். பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு. கை நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

நாங்கள் ஐந்து பேர்: நானும் தம்பியும், மச்சாள்மார் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன். ஆளுக்கு ஒரு பாட்டு சுற்ற வேண்டும் என்பது சட்டம். அதில் சண்டை என்னவென்றால், எல்லாருக்கும் சின்னப் பாட்டுதான் வேண்டும். நீளமான பாட்டு வந்தால் தம்பிக்குத் தண்ணி விடாய்க்கும், ஒன்றுக்கு வரும், எல்லாம் வரும். பெரிய மச்சாள் மட்டும் தனக்குப் பிடித்த பாட்டு என்றால் மற்றவர்களின் முறையிலும் தானே சுற்றுவா. அவவுக்குப் பிடித்தது எங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் சில நேரம் வேண்டுமென்றே கையைப் பிடித்துக்கொள்வா.

அம்மம்மா திண்ணையில் இருந்து "கெதியாச் சுத்தடா, பாடுறவனுக்குக் காய்ச்சல் வந்த மாதிரிக் கிடக்கு" என்பா. சுற்று மெதுவானால் பாட்டும் இழுபடும். பெண்ணின் குரல் ஆணின் குரலாகும், ஆணின் குரல் பேயின் குரலாகும்.

சகடை என்று நாங்கள் சொல்கிற குண்டு போடும் பிளேன் வருகிற சத்தம் கேட்டால் எல்லாரும் பங்கருக்குள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். அங்கே றேடியோ கிடையாது. சின்ன மச்சாள் விட்ட இடத்திலிருந்து வாயால் பாடுவா. மேலே குண்டு போடுகிறவனுக்குக் கேட்டுவிடும் என்று தம்பி அவவின் வாயைப் பொத்துவான்.

சந்தேகக் கேஸ் அண்ணாவுக்கு: பிரச்சாரம், பிழைத்தவர் சொல்கிற கதை எல்லாம் எனக்கு விளங்குகிறது. அந்தப் பாட்டுகள் எங்களைக் காப்பாற்றியதா என்று கேட்டால் தெரியாது. குண்டு விழுகிற இடத்தைப் பாட்டு மாற்றவில்லை. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. இருட்டுகிற நேரத்தில் ஐந்து பேருக்கும் ஒரு முறை இருந்தது. இன்றைக்கு யார் முதலில் என்பதுதான் அன்றைய பெரிய பிரச்சினை.

சால்டரிங் மாமா (திருச்சி)

வடலி தம்பி, ஒரு சந்தேகம். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஆனால் அது தருவது ஏசி. ரேடியோவுக்கு டிசி வேண்டும். நேரே கொடுத்தால் பாட்டுக்குப் பதில் உர்ர் என்ற சத்தம்தான் வரும். நடுவில் என்ன வைத்தார் சித்தப்பா? நான்கு டயோடும் ஒரு கெப்பாசிட்டரும் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வேகமாகச் சுற்றினால் வோல்டேஜ் எகிறி செட் போய்விடுமே?

வடலி (டொரண்டோ)

மாமா, நீங்கள் சொன்னது சரி. பழுதான றேடியோ ஒன்றைக் கழற்றி நாலு டயோட் எடுத்து மரப்பலகையில் ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார். கெப்பாசிட்டரை நாங்கள் 'தொட்டி' என்போம், அது கரண்டைத் தேக்கி வைக்கும் என்று அவர் விளக்கியதால். சைக்கிளின் பின்லைற் பல்பையும் பக்கத்தில் கொழுவியிருந்தார். கூடிப் போனால் பல்பு குடித்துவிடும் என்பார். பல்பு பிரகாசமாக எரிந்தால் மெதுவாகச் சுற்று, மங்கினால் கெதியாகச் சுற்று. எங்கள் மெட்ரோனோம் அதுதான்.

சந்தேகக் கேஸ் (சென்னை)

வடலி எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஆனாலும் விடமாட்டேன்.

'இசை போரில் மனிதனைத் தாங்குகிறது' என்கிறவர்கள் தெரெசியன்ஸ்டாட் முகாமையும் பார்க்க வேண்டும். செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த ஊர். உள்ளே விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், ஹான்ஸ் க்ராசா என்று பெரிய இசையமைப்பாளர்கள். குழந்தைகள் நடித்த க்ராசாவின் இசைநாடகம் அங்கே 55 தடவை நடந்தது. ஒவ்வொரு சில வாரத்துக்கும் பாடுகிற குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள், புதுக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து மறுபடி போடுவார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது இதே நாடகத்தைக் காட்டினார்கள். பாருங்கள், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று. அக்டோபரில் உல்மன், ஹாஸ், க்ராசா மூவரையும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

இசை அங்கே யாருக்குத் தாங்கலாக இருந்தது? உள்ளே இருந்தவனுக்கா, வெளியே பொய் சொன்னவனுக்கா?

ஆஷ்விட்ஸிலேயே பெண்கள் ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது. காலையில் அடிமை வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் கால் தப்பாமல் நடக்க மார்ச் வாசிப்பது அதன் வேலை. அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் அங்கே பிழைத்ததற்குக் காரணம் அவருக்கு செல்லோ தெரியும், ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோவுக்கு ஆள் இல்லை. இசை உயிரைக் காப்பாற்றியது என்று இதையும் எழுதலாம். ஆனால் எந்த அர்த்தத்தில்?

நம் பக்கமும் அப்படித்தான். வடலி வீட்டு முற்றத்தில் சைக்கிள் சுற்றியபோது, சந்தியில் ஒலிபெருக்கி கட்டி ஓடிய இயக்கப் பாட்டு வேறு. பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டுக் கிளப்பியதில் அந்தப் பாட்டுகளுக்குப் பங்கு இல்லையா?

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கடைசிக் கேள்வி நியாயமானது, அதை வைத்து யார் சரி யார் தப்பு என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். அதற்குத் தனி இழைகள் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கின்றன.

மெட்டுக்காரி (கோவை)

தெரெசியன்ஸ்டாட் பற்றி நானும் தேடிப் படித்தேன். ரஃபேல் ஷாக்டர் என்ற நடத்துநர் அங்கே வெர்டியின் ரெக்வியத்தை, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையை, பாட வைத்திருக்கிறார். கையில் ஒரே ஒரு பிரதி. எல்லாருக்கும் வாயால் சொல்லிச் சொல்லியே பாடம். லத்தீன் தெரியாதவர்களுக்கு லத்தீன் வரிகள். பாடகர்களை ரயிலேற்றி அனுப்பிவிட மறுபடி ஆள் சேர்த்து மறுபடி பாடம். பதினாறு தடவை பாடினார்கள் என்று போட்டிருக்கிறது.

ஒரு வர்ணத்தை நாற்பது பிள்ளைகளுக்கு வாயால் ஏற்றுவது என்னவென்று எனக்குத் தெரியும். மழை வந்து பாதிப் பேர் வராவிட்டாலே அடுத்த நாள் எனக்குக் கோபம் வரும். அங்கே வராதவர்கள் எதனால் வரவில்லை என்று தெரிந்தும் அவர் முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அந்த இசையை வெளியே இருந்தவன் பொய்க்குப் பயன்படுத்தினான். அது பொய்க்காரன் கணக்கு. பாடம் சொன்னவர் கணக்கில் அதை எழுதுவது எப்படிச் சரியாகும், சந்தேகக் கேஸ் சார்?

இணுவிலாள் (யாழ்ப்பாணம்)

ஒலிபெருக்கிப் பாட்டு பற்றிக் கேட்டீர்கள். பங்கு இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் போனவர். போகிற வயதில்லை. அவர் போன கிழமை அந்தப் பாட்டுதான் ஊரெல்லாம். அம்மா இன்றைக்கும் அந்த மெட்டில் இரண்டு வரி கேட்டால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவா. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

வேறொன்று எழுதுகிறேன். எங்கள் ஊர் நாதஸ்வரமும் தவிலும் பிறந்து வளர்ந்த ஊர் என்பது தமிழ்நாட்டு ஆட்களுக்கும் தெரிந்திருக்கும். தட்சிணாமூர்த்தி தவில் வாசித்த மண். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தவில்காரர். பெயர் வேண்டாம், இப்போது இல்லை. சண்டை நாட்களில் திருவிழாக்கள் சுருங்கிப் போயின. இரவுத் திருவிழா பகலுக்கு வந்தது. நாலு நாள் நடப்பது ஒரு நாளானது. கூலி கொடுக்கக் கோவிலில் காசில்லை. நெல்லுக் கொடுத்தார்கள், சில நேரம் அதுவும் இல்லை.

அவர் தினமும் விடிய ஐந்து மணிக்குக் கையில் கூடு போட்டுக்கொண்டு, தவிலில் இல்லை, வெறும் மரக்குற்றியில் சாதகம் செய்வார். தவிலில் அடித்தால் சத்தம் அயலுக்குக் கேட்கும், பயந்து எழும்பிவிடுவார்கள். ஷெல் விழுகிறது என்று நினைத்துக் குழந்தைகள் பங்கருக்கு ஓடிய கதை ஒரு நாள் நடந்தது. அன்றிலிருந்து குற்றிதான்.

1995 ஒக்டோபர் முப்பது இரவு, சண்டை நெருங்கி வர, எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் அடிமேல் அடி வைத்துத்தான் நகரலாம், அவ்வளவு சனம். அவர் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை இல்லை, தவில். உரப்பையில் சுற்றி, மேலே தறப்பாள். மனுசி பேசின பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியாது. "பிள்ளைகளுக்குச் சோறு எங்கே, இதையா அவிச்சுக் குடுக்கப் போறீர்" என்று. அவ சொன்னதில் என்ன பிழை?

டீச்சர், உங்கள் மாணவன் கேட்டதும் இதே கேள்விதான். எங்கள் ஒழுங்கையில் அதை ஒரு மனைவி மழைக்குள் நின்று கேட்டா.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்கு ஏழெட்டுக் குடும்பம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அங்கே ஒரு கிழவர் செத்துப்போனார். எங்கள் ஊர் ஆள் இல்லை, யாரென்றே தெரியாது. பறை அடிக்க ஆள் இல்லை. இவர் தவிலை அவிழ்த்தார். செத்த வீட்டுக்குத் தவில் வாசிக்கிற வழக்கமில்லை, அவருடைய ஆட்கள் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள். ஈரத்தில் தோல் தொய்ந்துபோய் டொப் டொப் என்றுதான் கேட்டது. பிரேதம் வாசலைத் தாண்டும்வரை வாசித்தார். மனுசி ஒன்றும் பேசவில்லை. பிறகும் சோற்றுக்குப் பேசினா, தவிலுக்குப் பேசவில்லை.

வயலின் பக்கத்து சீட் (பெங்களூரு)

இணுவிலாள் அக்கா, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

பழைய கேசட் (மதுரை)

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் எழுதுகிறீர்கள். போஸ்னியப் போரில் சரயேவோ செல்லோக்காரர் கதையை யாரும் சொல்லவில்லையே? 1992 மே 27 அன்று ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்தது. 22 பேர் செத்தார்கள். அதே இடத்தில் 22 நாள் ஒருவர் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து செல்லோ வாசித்தார். ஆளுக்கு ஒரு நாள். வாட்ஸாப்பில் வந்தது.

வயலின் பக்கத்து சீட் (பெங்களூரு)

வேத்ரான் ஸ்மைலோவிச். சரயேவோ ஓபெராவில் வாசித்தவர். ரொட்டி வரிசையும் குண்டும் உண்மை. ஆனால் ஆளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருப்பதால்தான் வாட்ஸாப்பில் வருகிறது. அவர் அந்த ஓரிடத்தோடு நிற்கவில்லை. கல்லறைகளில், சவ அடக்கங்களில், அந்த ஆகஸ்டில் எரிந்த தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் என்று பல இடத்தில் வாசித்தார். நூலகத்துக்குள் அவர் வாசிக்கும் புகைப்படம் உலகமெல்லாம் போனது. எரிந்த நூலகம் என்றதும் நம் ஆட்களுக்கு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் ஞாபகம் வராமல் இருக்காது.

ஒரு வேடிக்கை. அவர் வாசித்த அடாஜியோ என்ற மெதுவான இசை, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் அல்பினோனி பெயரில் ஓடிக்கொண்டிருப்பது. உண்மையில் அதை எழுதி 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலியர். குண்டு விழுந்து நாசமான டிரெஸ்டன் நூலகத்தில் அல்பினோனியின் துண்டுப் பிரதி கிடைத்தது, அதிலிருந்து வளர்த்தேன் என்றார் ஜியாசோட்டோ. அந்தத் துண்டை அவர் யாருக்கும் காட்டியதில்லை. ஆக, கதையும் பாதி கட்டியது, பாட்டின் பெயரும் பாதி கட்டியது. குண்டுக்கு நடுவே ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்தது மட்டும் முழுசு.

சந்தேகக் கேஸ் (சென்னை)

மெட்டுக்காரி மேடம் கேட்டதற்கும் இணுவிலாள் அம்மா எழுதியதற்கும் நான் மறுப்பு எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இந்த இழையில் யாருக்குமே 'கேட்டது' பலம் தரவில்லை. தவில்காரர் குற்றியில் அடித்தார், ஷாக்டர் பாடம் சொன்னார், ஓபோக்காரி பூனை தேடி அலைந்தார், வடலி சைக்கிள் சுற்றினார். சும்மா உட்கார்ந்து கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

வடலி (டொரண்டோ)

அம்மம்மா சும்மா இருந்து கேட்டவதான். சுற்றச் சொல்லி எங்களைப் பேசிக்கொண்டே இருந்தா. அதைச் சும்மா இருந்தது என்று சொல்லலாமோ தெரியாது.

ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன். கனடா வந்து இரண்டாம் வருசம். ஒரு தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், மேலே ஸ்பீக்கரில் பெரிய மச்சாளின் பாட்டு. சீடியில் ஓடுகிறது, சுத்தமான சத்தம். எனக்கு என்னவோ பிழையாகக் கேட்டது. வேகம் கூட, குரல் மேலே நிற்கிறது. கடைக்காரரிடம் "அண்ணை, உங்கட பிளேயர் ஓடுற ஸ்பீட் சரியோ" என்று கேட்டே விட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காருக்குள் வந்திருந்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பாட்டை நான் ஒரு நாளும் சரியான வேகத்தில் கேட்டதில்லை.

பெரிய மச்சாள் இப்போது இல்லை. 1995க்குப் பிறகு என்பதோடு நிற்பாட்டுகிறேன்.

மெட்டுக்காரி (கோவை)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தேர்வு நேரம்.

பையனிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. இணுவிலாள் அக்காவின் பதிவை, அக்காவிடம் தனிமடலில் கேட்டுக்கொண்டு, அப்படியே வாசித்துக் காட்டினேன். தவில்காரர் மனைவி கேட்டது வந்ததும் அவன், "அதான் நானும் சொன்னேன்" என்றான். முடிவு வரை கேட்டான். பிறகு, "அந்த டொப் டொப் சத்தத்துக்கு என்ன காரணம் டீச்சர், தோல் ஈரமானா சுருதி இறங்குமா" என்று கேட்டான். இறங்கும் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த விவாதம்.

ஆனால் வடலி சாரின் டைனமோ வகுப்பையே பிடித்துக்கொண்டது. அறிவியல் கண்காட்சிக்கு அதைச் செய்யப் போகிறார்களாம். சால்டரிங் மாமா, கெப்பாசிட்டர் எவ்வளவு வைக்க வேண்டும்?

சால்டரிங் மாமா (திருச்சி)

1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் தாங்குகிற மாதிரி வாங்கச் சொல்லுங்கள். டயோடுக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு டயோடே போதும். பின்விளக்கு பல்பை மறக்க வேண்டாம், சித்தப்பா வைத்தது சரியான யோசனை. கெப்பாசிட்டரில் கூட்டல் கழித்தல் மாற்றிப் போட்டால் வெடிக்கும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டைனமோ கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

மெட்டுக்காரி (கோவை)

மாமா அனுப்பிய டைனமோ வந்து சேர்ந்தது. இன்று மதியம் ஓட்டிப் பார்த்தோம். கேசட் பிளேயர் என் அப்பாவுடையது. முதலில் சுற்றியவன் அதே கடைசி பெஞ்சுதான். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நன்றாகச் சுற்றும்போது ஐந்து கட்டை. பல்லவி முடிவதற்குள் கை வலித்துவிட்டது, நாலரைக்கு இறங்கி, சரணத்தில் நாலு. அடுத்தவள் வாங்கிச் சுற்றியதும் மறுபடி ஏறியது. நீளமான பாட்டு என்று சண்டை வந்தது.

வடலி சார், உங்கள் மச்சாளின் பாட்டு எது? கேசட் கிடைத்தால் கண்காட்சியில் அதைப் போடலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வடலி (டொரண்டோ)

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஐந்து கட்டைக்குச் சுற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலரையில் விடச் சொல்லுங்கள்.